ஷெறோனின் கூடையில் என்ன வைப்பது

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. கட்டுரைதான் கேட்டார்கள். லண்டனில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் தமிழ் மலருக்கு ஆசிரியராக இருக்கும் செபமாலைமுத்து அண்ணை, ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் என்னை மடக்கிப் பிடித்தார். கையில் ஒரு ரோல்ஸ், வாயில் இன்னொன்று.

"தங்கச்சி, உயிர்ப்பு மலருக்கு ரெண்டு பக்கம் வேணும். பிள்ளையளின்ர ஈஸ்டர் கூடைக்குள்ள என்ன கருத்துள்ள சாமான் வைக்கலாம் எண்டு எழுதும். சனம் சொக்கிளேற் முட்டையைக் குடுத்தே பிள்ளையளின்ர பல்லைப் பழுதாக்குது."

"எனக்குப் பிள்ளையள் இல்லையே அண்ணை."

"அதுதான் உம்மைக் கேக்கிறன். பிள்ளையள் இருக்கிறவைக்கு எழுத எங்க நேரம்?"

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். "கருத்துள்ள ஈஸ்டர் பரிசுகளைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது —" என்று எழுதினேன். அங்கேயே நின்றுவிட்டது. முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சரி, இரண்டாவதைப் பார்ப்போம் என்று போனேன். அதுவும் தெரியவில்லை. யாராவது ஒரு தாயைக் கேட்டால் என்ன என்று தோன்றியது. கேட்டால் விடியவிடியச் சொல்வார்கள் என்ற பயத்தில், நானே ஒரு தாயை உண்டாக்கினேன். அவள் பெயர் பியற்றிஸ்.

2

பியற்றிசை எங்கே நிறுத்துவது?

"பியற்றிஸ் யன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டு —"

(வேண்டாம். லண்டன் கதை என்றால் மழையில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? வீட்டையே பள்ளிக்கூடமாக்கி இரண்டு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவளுக்கு மழை பார்க்க நேரமேது?)

"மன்னாரில் அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது —"

(இதுவும் வேண்டாம். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வர ரிக்கற் யார் எடுப்பது?)

நேரே உள்ளே போவோம். இல்ஃபோர்ட்டில் ஒரு வரிசை வீடு. சமையலறை மேசைதான் வகுப்பறை. ஒன்பது மணிக்கு இடியப்பத் தட்டை எடுத்துவிட்டுப் புத்தகத்தை வைப்பாள் பியற்றிஸ். ஒரு செபம், பிறகு கணக்கு. மேசையின் ஒரு பக்கம் மூத்தவள் ஷெறோன், பதினொரு வயது. மறுபக்கம் டெனுசன், ஏழு வயது. அவன் கொப்பியில் தேங்காய்ச் சம்பல் ஒட்டியிருக்கும். தகப்பன் றொஜன் பஸ் ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்து வந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தில் அவனும் ஒரு மாணவன்தான், கடைசி வாங்கில் இருக்கிறவன்.

கட்டுரையை இத்தோடு நான் கைவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கூடை வருகிறது.

3

ஈஸ்டர் கூடை எங்கள் ஆட்களின் வழக்கம் இல்லை. உயிர்ப்பு ஞாயிறு என்றால் எங்களுக்குப் பூசை, புதுச்சட்டை, ஆட்டிறைச்சிக் கறி. பியற்றிசுக்குக் கூடை வந்தது வாட்ஸ்அப்பில். வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் கிறிஸ்தவத் தாய்மாரின் குழு ஒன்றில் அவள் இருக்கிறாள். மற்றத் தாய்மார் ரிபன் கட்டிய கூடைகளைப் படம் எடுத்துப் போட்டார்கள். விடுவாளா பியற்றிஸ்?

"கண்டறியாத கூடை," என்றான் றொஜன்.

கூடைக்குள் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கருத்து இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். போன வருடம் டெனுசனின் கூடையில் அவரை விதை வைத்தாள். மண்ணில் விழுந்து மடிந்தால்தானே விதை பலன் தரும், அதுதான் கருத்து. பிள்ளை பயபக்தியோடு நட்டது. மூன்றாம் நாள் காலை பூச்சட்டியைக் கவிழ்த்துக் கிண்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உயிர்க்கேல்லை," என்று சமையலறையில் வந்து அறிவித்தது.

அதற்குப் பிறகு அவன் உசாராகிவிட்டான். எந்தப் பொருளைக் கொடுத்து "இதின்ர கருத்தென்ன?" என்று கேட்டாலும் ஒரே பதில்: விசுவாசம். சின்ன டோர்ச் லைற்? விசுவாசம். மரச் சிலுவை? விசுவாசம். ஒரு சோடி காலுறை? கொஞ்சம் யோசித்தான். "விசுவாசம். ஆனால் எனக்கு இது சின்னன்."

(பியற்றிசை நான் கேலி செய்கிறேன் என்று உங்களுக்கு விளங்குகிறது. கேலிக்கு லேசான ஆள் அவள். கொஞ்சம் பொறுங்கள், ஆறாம் பகுதியில் இதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வேன்.)

ஆனால் அவள் உண்டாக்கிய ஒரு வழக்கம் உண்மையிலேயே அழகானது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் ஒறுத்தல்* செய்வார்கள். அந்த வீட்டில் அது இரகசியம். யார் எதை விட்டார்கள் என்று மூச்சு விடக்கூடாது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியவும் கூடாது. உயிர்ப்பு ஞாயிறு காலைச் சாப்பாட்டில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொன்னதும் பியற்றிஸ் அந்தப் பொருளைத் தன் கையாலேயே அவரவர் கூடையில் திருப்பி வைப்பாள். விட்டது திரும்பக் கிடைக்கும். பாஸ்குத் திருநாள் என்றால் அதுதானே என்பாள்.

\* ஒறுத்தல் என்பது விருப்பமான ஒன்றைக் கடவுளுக்காகக் கொஞ்ச நாள் விட்டிருப்பது. அதிகம் பேர் இனிப்பை விடுவார்கள். சிலர் முகநூலை விட்டுவிட்டு, விட்டதை முகநூலில் போடுவார்கள்.

4

இப்போது உங்களுக்கு ஒரு இரகசியம். இதைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்தால் கதை இன்னும் விறுவிறுப்பாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பியற்றிசுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அவள் கூடைக்குச் சாமான் வாங்கித் திரிவதைப் பார்க்கும்போது உங்களுக்கு அவளைப் பிடித்து நிறுத்தவேண்டும்போல இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஷெறோனுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பக்கத்தில் இருக்கும் தாரகா செப்டெம்பரில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அவளோடு தானும் போக வேண்டும். போன வருடத்திலிருந்து ஒருநாள் விடாமல் கேட்டாள்.

"அம்மா, ஸ்கூலுக்குப் போகட்டா?"

"பார்ப்பம்."

எங்கள் தாய்தகப்பன்மாரின் அகராதியில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று பாதர் பிரசங்கத்தில் சொன்னார்: உங்களுக்கு லேசானதை விடாதீர்கள், எது உங்களுக்கு அருமையோ அதை விடுங்கள். நெற்றியில் சாம்பலோடு இருந்த ஷெறோன் யோசித்தாள். இனிப்பில் அவளுக்கு அவ்வளவு ஆசை இல்லை. தொலைபேசி அவளிடம் இல்லை. அருமையானது என்று அவளிடம் இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதை விட்டாள்.

அன்றிலிருந்து கேட்கவில்லை. முகத்தைத் தொங்கப்போடவும் இல்லை. பியற்றிஸ் வளர்த்த வளர்ப்பு அப்படி.

5

மௌனம் சம்மதம் என்று நம் ஆட்கள் கலியாணப் பேச்சிலேயே பழகிவிட்டார்கள். பெண் வாய் திறக்காவிட்டால் சரி என்று அர்த்தம், தாலிக்கு நாள் பார்க்கலாம். பியற்றிசும் அதே கணக்கைத்தான் போட்டாள். முதல் வாரம் மகள் கேட்கவில்லை என்று அதிசயப்பட்டாள். இரண்டாம் வாரம் நிம்மதிப்பட்டாள். குருத்தோலை ஞாயிறு வந்தபோது, மாதா தன் மன்றாட்டைக் கேட்டுவிட்டார் என்று மெழுகுதிரி கொளுத்தினாள்.

அந்தச் சந்தோசத்தில்தான் மகளுக்கு ஈஸ்டர் பரிசாக நுணுக்குக்காட்டி, அதாவது மைக்ரோஸ்கோப், வாங்கினாள். விளையாட்டுச் சாமான் இல்லை, உண்மையான நுணுக்குக்காட்டி. டூட்டிங்கில் ஒருவர் தன் மகன் பாவித்ததை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ரயில் மாறி மாறிப் போய்க் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். வருகிற வருடங்களுக்கான விஞ்ஞானப் பாடம் முழுக்க அதில் நடக்கும். எந்தக் கூடைக்குள்ளும் அடங்காது. அதைச் சோபாவுக்குப் பின்னால் வைத்துச் சால்வையால் மூடினாள்.

"அது முயலா?" என்று டெனுசன் கேட்டான்.

"இல்லை. அங்கால போ."

அவன் முயல் என்றே முடிவெடுத்து, சால்வைக்குப் பக்கத்தில் ஒரு கரட் துண்டை வைத்துவிட்டுப் போனான்.

றொஜன் மட்டும் சால்வையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "பிள்ளையைக் கேட்டனீரே?"

"என்னத்தைக் கேக்கிறது?"

"பள்ளிக்கூடம் வேண்டாமாமோ எண்டு."

"அவள் இப்ப அந்தக் கதையே எடுக்கிறேல்லையப்பா. தன்பாட்டில இருந்து படிக்கிறாள். அவளால ஒரு கரைச்சலும் இல்லை."

இந்தக் கடைசி வசனத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். நானாகச் சேர்க்கவில்லை. அவள் வாயால் வந்தது.

6

இந்த இடத்தில் எனக்குப் பியற்றிஸ் மேல் சந்தேகம் வந்தது. பிள்ளை ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் ஏன் இந்த மனுசி இப்படி நிற்கிறாள்? வீம்பா? பெருமையா? பதில் இல்லாமல் கதையைக் கொண்டுபோக முடியாது. அவளை ஒரு கதிரையில் இருத்திக் கேட்டேன்.

(உண்டாக்கியவருக்கு உண்டாக்கப்பட்டவர் மரியாதை தரவேண்டும் என்று நினைத்திருந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.)

"நீங்கள் பிள்ளை பெத்தனீங்களோ?" என்றாள்.

"இல்லை."

"அப்ப கேளுங்கோ. இவள் பள்ளிக்கூடத்துக்குப் போனவள்தான். ஆறு வயசில. நல்ல பள்ளிக்கூடம், வடிவான கட்டடம். பெற்றோர் சந்திப்புக்குப் போனன். ரீச்சர் சிரிச்ச முகமாச் சொன்னா, ஷெறோனால ஒரு கரைச்சலும் இல்லை எண்டு. நானும் சந்தோசமா வந்தன். பிறகுதான் தெரியும், பிள்ளை வகுப்பில ரெண்டு தவணையா வாயே திறக்கேல்லை. ஒரு சொல்லும் இல்லை. மூத்திரம் போகக்கூடக் கேக்காமல் அடக்கிக்கொண்டு இருந்திருக்கு. முப்பது பிள்ளையளுக்க ஒரு பிள்ளை பேசேல்லை எண்டது ஒருத்தருக்கும் தெரியேல்லை. அடுத்த நாளே வீட்டில வச்சிட்டன். இப்ப பாருங்கோ, என்ன கதை கதைக்கிறாள்."

கேலி செய்வதற்கென்று வைத்திருந்த இரண்டு பத்திகளை அந்த இடத்திலேயே வெட்டினேன். அவள் நல்ல தாய். அவள் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. பிள்ளையின் ஆசைக்கும் நியாயம் இருக்கிறது. கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் இந்தக் கதை எவ்வளவு லேசாக முடிந்திருக்கும்!

ஆனால் அவள் எழும்பிப் போகும்போது நான் ஒன்று சொல்லியிருக்கலாம். "அம்மா, மகள் இப்ப பேசாமல் இருக்கிறதைக் கவனிச்சனீங்களோ?" என்று. சொல்லவில்லை. சொன்னால் கதை இல்லை. எழுதுகிறவர்கள் எவ்வளவு பொல்லாதவர்கள் என்று பாருங்கள்.

7

பெரிய வெள்ளி. செபமாலைமுத்து அண்ணை தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, அச்சுக்குப் போக வேணும். கட்டுரை எங்க?"

"கட்டுரை கதையாப் போச்சுது அண்ணை."

"ஐயோ! முடிவாவது நல்லதா இருக்கட்டும். பாஸ்கு நேரம், சனத்தை அழவைக்காதையும்."

அவருக்காக மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. ஷெறோன் நுணுக்குக்காட்டியில் ஒரு வெங்காயத் தோலைப் பார்க்கிறாள். கண்கள் விரிகின்றன. "அம்மா, எனக்கு இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம்!" (அண்ணை அந்தப் பக்கத்தில் ஒரு லில்லிப் பூப் படம் போடுவார். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளை வெங்காயத் தோலுக்கு மனம் மாறுமென்றால், நான் முதலிலிருந்தே வெங்காயத்தைப் பற்றி எழுதியிருப்பேனே.)

இன்னொன்று. பியற்றிசும் தவக்காலத்தில் தன் பிடிவாதத்தைத்தான் விட்டிருந்தாள் என்று தெரியவருகிறது. தாயும் மகளும் கட்டிப்பிடித்து — (சாதகப் பொருத்தம் பார்த்த கலியாணத்தில்கூட இவ்வளவு பொருந்தாது. போதாததற்கு, பியற்றிஸ் விட்டது தேத்தண்ணி. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குத் தலையிடி வந்ததற்கு அந்த வீடே சாட்சி.)

மூன்றாவது. மனமுடைந்த ஷெறோன் எலிசபெத் லைனில் ஏறி — (பிள்ளையின் பயண அட்டை தாயின் கைப்பையில் இருக்கிறது. ஒறுத்தலை இவ்வளவு நேர்மையாகச் செய்த பிள்ளை களவாக ரயில் ஏறாது.)

மூன்றையும் கிழித்தேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

8

உயிர்ப்பு ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வந்து மேசையில் இருந்தார்கள். இன்றைக்கு மேசையில் புத்தகம் இல்லை. பாண், இறைச்சிக் கறி, பீற்றூட் சாயத்தில் சிவந்த அவித்த முட்டைகள். நாலு பேருக்கும் முன்னால் நாலு வெறுங்கூடை. கருத்துள்ள பரிசுகள் பிறகுதான். முதலில் ஒறுத்தல்.

"நான் தேத்தண்ணி," என்றாள் பியற்றிஸ். றொஜன் எழும்பி ஊற்றிக் கொண்டுவந்து அவள் கூடைக்குள் கோப்பையோடு வைத்தான். கூடை ஈரமானது. எல்லோரும் சிரித்தார்கள்.

றொஜன் சீனியை விட்டிருந்தான். சீனிப் போத்தல் அவன் கூடைக்குப் போயிற்று.

டெனுசன் எழும்பி நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒருத்தருக்கும் தெரியாது. நான் சொக்கிளேற்!" என்றான். அது இல்ஃபோர்ட்டுக்கே தெரியும். கடைகடையாக நின்று பெருமூச்சு விட்ட பிள்ளை. பியற்றிஸ் ஒரு பெரிய சொக்கிளேற் முட்டையை வைத்தாள். அவன் அதன் கருத்தைக் கேட்க ஒருவரையும் விடாமல் கடித்துவிட்டான்.

"இப்ப என்ர செல்லம்," என்றாள் பியற்றிஸ் மகளைப் பார்த்து. சால்வையின் பக்கம் கண் ஒருமுறை போய்வந்தது. "நீ என்னத்தை விட்டனி?"

ஷெறோன் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்புத்தான். சொல்வதற்கு இவ்வளவு நாள் காத்திருந்த சிரிப்பு.

"ஸ்கூலுக்குப் போகட்டா எண்டு கேக்கிறதை விட்டனான் அம்மா."

றொஜன் சீனிக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"கஷ்டமா இருந்தது," என்றாள் ஷெறோன். "ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வந்திட்டுது. ஆனால் கேக்கேல்லை. நீங்கள் கண்டுபிடிக்கேல்லை என்ன?"

பியற்றிசின் கண்ணுக்கு முன்னால் வந்தது ஒரு சிரித்த முகமான ரீச்சர். ஒரு கரைச்சலும் இல்லை என்று சொன்ன ரீச்சர். அந்த ரீச்சரை ஐந்து வருடமாக மனதுக்குள் திட்டியிருக்கிறாள். முப்பது பிள்ளைகளுக்குள் அந்த மனுசி கவனிக்கவில்லை. இங்கே இரண்டு பிள்ளைகள், ஒரே மேசை, எதிர்க் கதிரை. வெட்கமாக இருந்தது. அழவேண்டும்போல இருந்தது, ஆனால் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறது, எப்படி அழுவது?

"அம்மா, ரூல்!" என்றான் டெனுசன், வாய் நிறையச் சொக்கிளேற்றோடு. "அக்கா விட்டதைத் திருப்பி வையுங்கோ."

தான் போட்ட சட்டம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வேறு ஆளாக இருந்தால் "சாப்பிடுங்கோ, கறி ஆறுது" என்று சொல்லித் தப்பியிருப்பாள். பியற்றிஸ் தப்பவில்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும். மகளின் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். உள்ளே பார்த்தாள். இதில் எதை வைப்பது? தேத்தண்ணியை வைக்கலாம், சீனியை வைக்கலாம். மகள் விட்டது சொக்கிளேற்றும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அவள் விட்டது கேட்கிறதை.

கூடையை இரண்டு கையாலும் தூக்கி மகளுக்கு முன்னால் திருப்பி வைத்தாள்.

"கேள் பிள்ளை."

ஷெறோன் தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்.

"அம்மா, செப்டெம்பரில ஸ்கூலுக்குப் போகட்டா?"

9

செபமாலைமுத்து அண்ணை மறுபடி தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, கடைசிப் பக்கம் வரேல்லை."

"அவ்வளவுதான் அண்ணை."

"தாய் என்ன சொன்னா?"

"எனக்குத் தெரியாது."

"நீர்தானே எழுதினது!"

"எழுதினது நான்தான். பிள்ளை கேட்டது தாயை. நான் எப்படிப் பதில் சொல்ல ஏலும்?"

அண்ணைக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள், இப்போது பெரிய ஆள்.

"அண்ணை, உங்கட மகள் கேட்டிருந்தா நீங்கள் என்ன சொல்லியிருப்பியள்?"

"பார்ப்பம் எண்டு சொல்லியிருப்பன்," என்றார். பிறகு, "அப்பிடித்தான் சொன்னனான்," என்றார். பிறகு, அரைப் பக்கத்தை வெறுமையாக விடுவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனவே கட்டுரைக்கு வருகிறேன். கருத்துள்ள ஈஸ்டர் பரிசுகளைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது, பிள்ளை எதைக் கேட்காமல் இருக்கிறது என்பதை. இரண்டாவது எனக்கு இன்னும் தெரியாது.

கறி ஆறுகிறது. சோபாவுக்குப் பின்னால் சால்வை, பக்கத்தில் கரட் துண்டு. டெனுசன்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டான். பியற்றிசின் கதிரையை உங்களுக்கு விட்டிருக்கிறேன், வந்து இருங்கள். அவள் பயம் உங்களுக்குத் தெரியும், பிள்ளையின் ஆசையும் தெரியும். ஓம் என்று சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் ஷெறோன் தாங்குவாள்.

பார்ப்பம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.